மாநில அளவிலான மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தங்களும் வேலையளிப்போரும்: ஹவாய், மாசச்சூசெட்ஸ் சட்டங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உழைக்கும் வயதினரின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அவர்கள் பார்க்கும் வேலையோடு பிணைந்துள்ளது. ஆகவே மருத்துவக் காப்பீட்டை அனைவருக்கும் விரிவாக்க முனைந்த மாநில அரசுகள் வேலையளிப்போரின் கடமை என்ன என்னும் வினாவைத் தவிர்க்க இயலவில்லை. ஹவாய் 1974இலும் மாசச்சூசெட்ஸ் 2006இலும் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன. அவ்விரு சட்டங்களின் அமைப்பு, அவற்றுக்குக் கூட்டாட்சிச் சட்டம் வகுத்த எல்லை, வேலையளிப்போர் மீதும் பணியாளர் மீதும் அவை ஏற்படுத்திய விளைவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டம் யார்மீது சுமையை ஏற்றுகிறதோ அவரே அதனை இறுதிவரை சுமப்பதில்லை என்பதும், சட்டம் வகுக்கும் வரம்புக்கோடுகளின் ஓரத்தில் நிற்கும் பணியாளரே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார் என்பதும் இதன்வழிப் புலப்படுகின்றன.

குறிச்சொற்கள்: மருத்துவக் காப்பீடு, வேலையளிப்போர் கடமை, எரிசா சட்டம், ஹவாய், மாசச்சூசெட்ஸ், பகுதிநேரப் பணி.

முன்னுரை

நோயுற்ற ஒருவரின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றின் வழியே விடை கண்டுள்ளது. பிரித்தானியா வரிப்பணத்தின் வழியும், செருமனி ஊதியத்தோடு இணைந்த சமூகக் காப்பீட்டின் வழியும் அதனை எதிர்கொண்டன. அமெரிக்காவில் அமைந்த முறையோ திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டு நிலைப்படுத்தல் சட்டத்தின்கீழ் ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறையால் தவித்த நிறுவனங்கள், ஊதியமாகக் கொடுக்க இயலாததைக் காப்பீடு முதலிய சலுகைகளாகக் கொடுத்தன. 1954ஆம் ஆண்டு வருவாய் வரிச் சட்டத்தொகுப்பு, வேலையளிப்போர் செலுத்தும் காப்பீட்டுத் தொகையைப் பணியாளரின் வரிக்குரிய வருமானத்தில் சேராது என உறுதிசெய்தது. போர்க்காலத் தற்காலிக ஏற்பாடு இவ்வாறு நிலையான அமைப்பாக வேரூன்றியது.

இவ்வமைப்பின் குறை வெளிப்படையானது. பெரிய நிறுவனத்தில் முழுநேரம் பணிபுரிபவருக்குக் காப்பீடு கிடைக்கிறது. சிறிய உணவகத்தில் பரிமாறுபவருக்கும் பகுதிநேரத்தில் கடையைத் துப்புரவு செய்பவருக்கும் கிடைப்பதில்லை. அவர்கள் நோயுற்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவை நாடுகின்றனர். அச்செலவு மாநில நிதியின் மீதோ, காப்பீடு உடையோர் செலுத்தும் கட்டணத்தின் மீதோ விழுகிறது. காப்பீடு வழங்காத நிறுவனத்தின் செலவை வழங்கும் நிறுவனம் மறைமுகமாக ஏற்கும் இந்நிலையே மாநிலச் சீர்திருத்தங்களுக்கு முதன்மையான நியாயமாக முன்வைக்கப்பட்டது.

ஹவாய்: முதல் கட்டாயச் சட்டம்

ஹவாய் மாநிலத்தின் முன்செலுத்து மருத்துவ நலச் சட்டம் 1974 ஜூன் மாதத்தில் நிறைவேறி, 1975 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. வாரத்திற்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து நான்கு வாரம் பணிபுரியும் ஊழியருக்கு, வேலையளிப்பவர் மருத்துவக் காப்பீடு அளித்தே ஆக வேண்டும் என்பது இதன் மையவிதி. காப்பீட்டுக் கட்டணத்தில் பாதியோ, ஊழியரின் ஊதியத்தில் 1.5 விழுக்காடோ, இவற்றுள் எது குறைவோ அதற்கு மேல் ஊழியரிடம் பிடித்தம் செய்யலாகாது. எஞ்சியது முழுவதும் வேலையளிப்பவரின் பொறுப்பாகும்.

இந்த 1.5 விழுக்காட்டு உச்சவரம்பு காலப்போக்கில் எதிர்பாராத முக்கியத்துவம் பெற்றது. மருத்துவச் செலவு ஊதியத்தைவிட விரைந்து உயர்ந்தமையால், ஊழியரின் பங்கு ஏறத்தாழ நிலையாக இருக்க, உயர்வு முழுவதும் வேலையளிப்பவரின் கணக்கில் சேர்ந்தது. மாதம் 3,000 டாலர் ஊதியம் பெறும் ஊழியரிடம் 45 டாலருக்கு மேல் பெற இயலாது. கட்டணம் 300 டாலராயினும் 600 டாலராயினும் இந்த எல்லை மாறுவதில்லை.

சட்டத்தின் விளைவு குறித்துத் தாமசு புக்மியூலர், ஜான் டிநார்டோ, ராபர்ட் வாலெட்டா ஆகிய பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஹவாயில் காப்பீடு பெற்றோர் விகிதம் உயர்ந்தது. குறிப்பாக, பிற மாநிலங்களில் காப்பீடு பெற வாய்ப்புக் குறைந்த பிரிவினரிடையே இவ்வுயர்வு மிகுதியாக இருந்தது. ஒட்டுமொத்த வேலைவாய்ப்பிலோ ஊதியத்திலோ உறுதியாகச் சுட்டத்தக்க வீழ்ச்சி புலப்படவில்லை. ஆயினும் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கும் குறைவான வேலைகளின் பங்கு கூடியிருந்தது. சட்டத்திலிருந்து தப்பும் வழி ஒன்றிருந்தது; வேலையளிப்போரில் ஒரு பகுதியினர் அவ்வழியைக் கண்டுகொண்டனர்.

எரிசா சட்டம் வகுத்த எல்லை

ஹவாய்ச் சட்டம் நிறைவேறி மூன்று திங்கள் கூட முடியாத நிலையில், 1974 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு பணியாளர் ஓய்வூதிய வருவாய்ப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். எரிசா என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் இச்சட்டம் ஓய்வூதிய நிதிகளைப் பாதுகாக்கும் நோக்கத்தில் எழுந்தது. எனினும் பணியாளர் நலத் திட்டங்கள் தொடர்பான மாநிலச் சட்டங்களைக் கூட்டாட்சிச் சட்டம் விலக்கி மேலோங்கும் என்னும் அதன் விதி, மருத்துவச் சீர்திருத்தத்தின் போக்கையே மாற்றியமைத்தது.

எரிசாவின்கீழ் மாநில அரசு காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தலாம். ஆனால் வேலையளிப்பவர் தம் ஊழியருக்கு என்ன திட்டம் அளிக்க வேண்டும் எனக் கட்டளையிட இயலாது. தம் சொந்த நிதியிலிருந்தே ஊழியரின் மருத்துவச் செலவை ஏற்கும் தற்காப்பீட்டு நிறுவனங்கள் மாநிலக் காப்பீட்டு ஒழுங்குமுறைக்கே உட்படுவதில்லை. வேலைவழிக் காப்பீடு பெறும் அமெரிக்கப் பணியாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று இத்தகைய திட்டங்களில் உள்ளனர் என்பதைக் கருதினால் இவ்வெல்லையின் ஆழம் விளங்கும்.

ஹவாய்ச் சட்டத்தை எதிர்த்து ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் தொடுத்த வழக்கில், அது எரிசாவிற்கு முரணானது என 1980இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1981இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 1983 ஜனவரியில் காங்கிரசு ஹவாய்க்கு மட்டும் தனி விலக்கு அளித்தமையால் சட்டம் உயிர்பிழைத்தது. ஆனால் அவ்விலக்கு 1974இல் இருந்த வடிவத்திற்கே பொருந்தும்; அடிப்படை விதிகளை மாநிலம் திருத்தினால் விலக்கு திருத்தத்திற்குக் கிட்டாது. மேற்சுட்டிய 1.5 விழுக்காட்டு வரம்பு அரை நூற்றாண்டு கடந்தும் மாறாமைக்குக் காரணம் இதுவே.

பிற மாநிலங்களுக்கு இத்தகைய விலக்கு வாய்க்கவில்லை. மேரிலாண்டு சட்டமன்றம் 2006 ஜனவரியில், 10,000 பேரோ அதற்கு மேலோ பணியமர்த்தும் நிறுவனம் தன் ஊதியச் செலவில் 8 விழுக்காட்டை மருத்துவ நலனுக்குச் செலவிட வேண்டும், குறைந்தால் வேறுபாட்டை மாநிலத்திற்குச் செலுத்த வேண்டும் எனச் சட்டமியற்றியது. நடைமுறையில் இது வால்மார்ட் நிறுவனம் ஒன்றையே தொட்டது. சில்லறை வணிக நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில் 2007 ஜனவரியில் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டம் எரிசாவிற்கு முரணானது என்றது. பணமாகச் செலுத்தும் மாற்றுவழி பெயரளவில் இருந்தாலும், அறிவார்ந்த எந்த நிறுவனமும் அவ்வழியைத் தேர்ந்தெடுக்காது; எனவே அது காப்பீட்டுத் திட்டத்தைத் திருத்துமாறு இடும் கட்டளையே என்பது நீதிமன்றத்தின் வாதம்.

சான்பிரான்சிஸ்கோ நகரம் 2008இல் நடைமுறைப்படுத்திய செலவினக் கடமையோ ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தில் நிலைத்தது. நகரின் பொது மருத்துவத் திட்டத்திற்குப் பணம் செலுத்தி வேலையளிப்பவர் தம் கடமையை நிறைவேற்றலாம் என்பதும், அதனால் ஊழியருக்கு மெய்யான பயன் உண்டு என்பதும் அங்கு வேறுபாடாக அமைந்தன. அந்நகர உணவகங்கள் பல இச்செலவை ஈடுகட்ட உணவுச் சீட்டிலேயே தனிக் கூடுதல் கட்டணம் சேர்த்தன. வேலையளிப்பவர் மீது விதிக்கப்பட்ட கடமையின் ஒரு பகுதியை உணவருந்த வந்தவர் செலுத்தினார்.

மாசச்சூசெட்ஸ்: பகிர்ந்த பொறுப்பு

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் முயற்சி 2006இல் தொடங்கியதன்று. ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ் காலத்தில் 1988இல் இயற்றப்பட்ட சட்டம், காப்பீடு வழங்காத நிறுவனம் ஊழியர் ஒருவருக்கு 1,680 டாலர் வரை செலுத்த வேண்டும் என்றது. பொருளாதார மந்தமும் சிறுதொழில் துறையினரின் எதிர்ப்பும் அதனைத் தள்ளிப்போடச் செய்தன. 1996இல் நடைமுறைக்கு வராமலே அது நீக்கப்பட்டது. இப்பட்டறிவு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தோர் முன் நின்றது.

2006 ஏப்ரல் 12 அன்று பாஸ்டன் நகரின் ஃபேனல் மண்டபத்தில் ஆளுநர் மிட் ராம்னி கையொப்பமிட்ட சட்டம், பொறுப்பை மூவரிடையே பகிர்ந்தது. குறைந்த வருவாயினருக்கு அரசு மானியம் அளிக்கும். கட்டுப்படியாகும் காப்பீடு கிடைக்கும் நிலையிலுள்ள வயதுவந்தோர் அனைவரும் 2007 ஜூலை முதல் காப்பீடு பெற்றிருக்க வேண்டும். முழுநேரப் பணிக்கு நிகரான 11 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் நியாயமான பங்களிப்புச் செய்ய வேண்டும், தவறினால் ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 295 டாலர் வரை செலுத்த வேண்டும். இத்தொகை விதிக்கும் பிரிவை ராம்னி தம் தடுப்பதிகாரத்தால் நீக்கினார். சட்டமன்றம் அதனை மீண்டும் நிலைநாட்டியது.

295 டாலர் என்பதன் அளவை ஒப்பிட்டு நோக்க வேண்டும். 2006இல் அமெரிக்க வேலைவழிக் காப்பீட்டில் தனிநபருக்கான சராசரி ஆண்டுக் கட்டணம் 4,242 டாலர். எனவே இத்தொகை அதில் ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே. காப்பீடு வழங்காத, 20 முழுநேர ஊழியர் கொண்ட நிறுவனம் ஆண்டுக்கு 5,900 டாலர் செலுத்தினால் போதும். அத்தனை பேருக்கும் காப்பீடு வழங்குவதாயின் அதைப்போலப் பன்மடங்கு செலவாகும். காசுக் கணக்கை மட்டும் நோக்கினால், காப்பீடு வழங்கிவந்த நிறுவனங்களும் அதனைக் கைவிட்டு இச்சிறு தொகையைச் செலுத்தவே முனையும் என எதிர்பார்க்கலாம். சீர்திருத்தத்தை ஐயுற்றோர் இதனையே முன்னுரைத்தனர்.

நிகழ்ந்ததோ வேறு. மாநில அரசின் கணக்கெடுப்புகளின்படி காப்பீடு வழங்கும் நிறுவனங்களின் விகிதம் 2005இல் 70 விழுக்காடாக இருந்து 2009இல் 76 விழுக்காடாக உயர்ந்தது. மாநிலத்தில் காப்பீடு அற்றோர் விகிதம் 2010இல் 2 விழுக்காட்டளவிற்குக் குறைந்தது. இம்முரணுக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, தனிநபர் கடமை. காப்பீடு இல்லையேல் தண்டவரி செலுத்த நேரும் என்ற நிலையில், ஊழியரே வேலையளிப்பவரிடம் காப்பீட்டைக் கோரலாயினர். காப்பீடு வழங்காத நிறுவனம் ஊழியரை ஈர்ப்பதிலும் தக்கவைப்பதிலும் பின்தங்கியது. நிறுவனத்தின் மீது சட்டம் சுமத்திய தொகை சிறிது. உழைப்புச் சந்தை சுமத்திய அழுத்தமோ பெரிது.

இரண்டாவது, மானியத் திட்டத்தைச் சுற்றிய தடுப்பு. காப்பீட்டில் தனிநபர் கட்டணத்தின் 33 விழுக்காட்டையேனும் ஏற்க முன்வந்த வேலையளிப்பவரின் ஊழியர், அரசு மானியக் காப்பீட்டிற்கு மாற இயலாதவாறு விதி அமைந்தது. ஆதலின் நிறுவனத் திட்டத்திலிருந்து அரசுத் திட்டத்திற்குப் பெருந்திரளாகப் பெயர்தல் நிகழவில்லை.

மூன்றாவது, வரிச்சலுகை. 11 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், காப்பீட்டுக் கட்டணத்தை வரிக்கு முந்தைய ஊதியத்திலிருந்து ஊழியர் செலுத்த வகைசெய்யும் திட்டத்தை ஏற்படுத்த வேண்டியிருந்தது. இதனால் ஊழியருக்கு வருமான வரி குறைந்ததோடு, வேலையளிப்பவருக்கும் அவ்வூதியத்தின் மீதான 7.65 விழுக்காட்டுச் சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவ வரிகள் மிச்சமாயின.

எரிசாவைச் சட்டம் எதிர்கொண்ட முறையும் கவனத்திற்குரியது. 2009 ஜனவரி முதல், தனிநபர் பெற்றிருக்கும் காப்பீடு மருந்துச் செலவு உள்ளிட்ட குறைந்தபட்சத் தரத்தை எட்ட வேண்டும் என விதிக்கப்பட்டது. இக்கட்டளை வேலையளிப்பவருக்கு இடப்பட்டதன்று. மாநிலக் குடிமகனுக்கு இடப்பட்டது. ஆயினும் தம் திட்டம் அத்தரத்தை எட்டாவிடில் ஊழியர் தண்டவரி செலுத்த நேரும் என்பதால், மாநில ஒழுங்குமுறைக்கு உட்படாத தற்காப்பீட்டு நிறுவனங்களும் தம் திட்டங்களை மறுஆய்வு செய்ய வேண்டிய நிலை உருவானது. நேரடியாக ஆணையிட இயலாத இடத்தில் ஊழியரின் வழியாகச் சட்டம் தன் பயனை அடைந்தது.

சுமையின் இறுதி இடம்

கட்டாயமாக்கப்பட்ட சலுகையின் செலவு யாரைச் சேர்கிறது என்பதற்கு லாரன்ஸ் சம்மர்ஸ் 1989இல் ஒரு கோட்பாட்டு விளக்கம் அளித்தார். சலுகையை ஊழியர் மதிக்கும் அளவிற்கு, அதற்கு ஈடாகக் குறைந்த ஊதியத்தை அவர் ஏற்பார். எனவே கட்டாயச் சலுகை, வரியைவிடக் குறைந்த அளவே வேலைவாய்ப்பைப் பாதிக்கும் என்பது அதன் சாரம். ஜொனாதன் கோல்ஸ்டாட், அமான்டா கோவால்ஸ்கி ஆகியோர் மாசச்சூசெட்ஸ் தரவுகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். வேலைவழிக் காப்பீடு பெற்றோரின் ஊதியம், வேலையளிப்பவரின் காப்பீட்டுச் செலவைவிடச் சற்றே குறைந்த அளவிற்குத் தாழ்ந்திருந்ததை அவர்கள் கண்டனர். ஏட்டளவில் நிறுவனம் செலுத்திய தொகையின் பெரும்பகுதியை ஊழியரே உயராத ஊதியத்தின் வடிவில் செலுத்தினார்.

எனினும் இவ்வீட்டுமுறை எல்லா நிலையிலும் இயங்குவதில்லை. குறைந்தபட்ச ஊதியம் பெறுபவரின் ஊதியத்தை மேலும் குறைக்கச் சட்டம் இடந்தராது. அங்கு வேலையளிப்பவர் பணிநேரத்தைக் குறைக்கலாம், விலையை உயர்த்தலாம், ஆளைக் குறைக்கலாம் அல்லது இலாபத்தில் இழப்பை ஏற்கலாம். ஹவாயில் 20 மணி நேரத்திற்குக் குறைவான வேலைகள் பெருகியதும், சான்பிரான்சிஸ்கோ உணவகங்களில் கூடுதல் கட்டணம் தோன்றியதும் இதனோடு இயைந்து நிற்கின்றன.

சிறுநிறுவனங்களின் நிலை தனித்து நோக்கத்தக்கது. 2007இல் மாசச்சூசெட்ஸ் தனிநபர் காப்பீட்டுச் சந்தையையும் சிறுநிறுவனச் சந்தையையும் ஒன்றிணைத்தது. இதனால் தனித்துக் காப்பீடு வாங்கியோரின் கட்டணம் குறைந்தது. சிறுநிறுவனங்கள் அச்சுமையில் ஒரு பகுதியை ஏற்றன. காப்பீடு விரிந்ததேயன்றி மருத்துவச் செலவின் உயர்வு தடைப்படவில்லை. 2010இல் சிறுநிறுவனக் கட்டண உயர்வு விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை மாநிலக் காப்பீட்டுத் துறை நிராகரிக்க நேர்ந்ததும், செலவு வளர்ச்சிக்கு இலக்கு வகுக்கும் தனிச் சட்டம் 2012இல் தேவைப்பட்டதும் இதன் தொடர்ச்சியாகும்.

கூட்டாட்சிச் சட்டத்தின் பின்

மாசச்சூசெட்ஸின் கட்டமைப்பு 2010ஆம் ஆண்டுக் கூட்டாட்சி மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்திற்கு முன்மாதிரியானது. ஆனால் வேலையளிப்போர் மீதான வரம்பு வேறாக அமைந்தது. 50 முழுநேரப் பணியாளருக்கு நிகரான நிறுவனங்களே கடமைக்கு உட்பட்டன. வாரத்திற்கு 30 மணி நேரம் முழுநேரமாகக் கொள்ளப்பட்டது. காப்பீடு வழங்காத நிறுவனத்திற்கான தொகை, முதல் 30 பேர் நீங்கலாக ஒருவருக்கு 2,000 டாலர் என்னும் அடிப்படையில் தொடங்கியது. இது 2015இல் நடைமுறைக்கு வந்தது. மாசச்சூசெட்ஸ் தன் 295 டாலர் விதியை 2013இல் நீக்கிக்கொண்டது.

ஆயினும் சிக்கல் தீரவில்லை. பணியிலிருந்துகொண்டே அரசின் மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்ந்தோரின் செலவு பெருகியமையால், 2017இல் ஆளுநர் சார்லி பேக்கர் கையொப்பமிட்ட சட்டம் புதிய துணைப் பங்களிப்பை விதித்தது. ஐவருக்கு மேற்பட்ட நிறுவனத்தில், அரசுத் திட்டத்திலோ மானியக் காப்பீட்டிலோ உள்ள ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவரது ஊதியத்தில் 5 விழுக்காடு, உச்சமாக 750 டாலர், வேலையளிப்பவர் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு 12,000 டாலர் பெறுபவருக்கு 600 டாலர். 15,000 டாலரைத் தாண்டினால் உச்சத்தொகை. நிறுவனம் காப்பீடு வழங்கியும் ஊழியர் அரசுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அப்போதும் நிறுவனமே செலுத்த நேர்ந்தது. தம்மால் கட்டுப்படுத்த இயலாத முடிவுக்குத் தம்மைப் பொறுப்பாக்குவதாக வேலையளிப்போர் முறையிட்டனர். 2018, 2019 ஆகிய ஈராண்டுகளோடு இவ்விதி முடிவுக்கு வந்தது.

வெர்மான்ட் மாநிலத்தின் பட்டறிவு மறுமுனையைக் காட்டுகிறது. காப்பீட்டை வேலையிலிருந்து முற்றிலும் பிரித்து, வரிவழி நிதியில் இயங்கும் ஒற்றைத் திட்டத்தை அம்மாநிலம் 2011இல் சட்டமாக்கியது. அதற்கு வேலையளிப்போர் மீது 11.5 விழுக்காட்டு ஊதிய வரியும், குடிமக்கள் மீது வருமானத்திற்கேற்ப 9.5 விழுக்காடு வரையிலான பங்களிப்பும் தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. 2014 டிசம்பரில் ஆளுநர் பீட்டர் ஷம்லின் அம்முயற்சியைக் கைவிட்டார். ஊதியத்திற்குள் மறைந்திருந்த செலவு வரியாக வெளிப்பட்ட அளவிலேயே ஏற்கவியலாததாகத் தோன்றியது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

வேலையளிப்போர் மீதான கடமையின் ஆற்றல், அதன் தொகையை மட்டும் சார்ந்ததன்று. மாசச்சூசெட்ஸில் சிறுதொகையே விதிக்கப்பட்டும் காப்பீடு விரிந்தமைக்குத் தனிநபர் கடமை, மானியத் தடுப்பு, வரிச்சலுகை ஆகியவற்றின் கூட்டியக்கமே காரணம்.

மாநிலங்களின் தேர்வு தன்னியல்பானதன்று. எரிசா சட்டம் நேரடிக் கட்டளையைத் தடுத்தமையால், அவை தண்டத்தொகை, தனிநபர் தரவிதி போன்ற சுற்றுவழிகளை நாடின. ஹவாய் மட்டுமே நேரடிக் கட்டளையை நிலைநிறுத்தியது. அதற்கு விலையாகத் தன் சட்டத்தை 1974இன் வடிவிலேயே உறையவிட்டது.

வரம்புக்கோடு எங்கு வரையப்படுகிறதோ அங்குத் தப்பும் வழியும் பிறக்கிறது. 20 மணி நேரம், 30 மணி நேரம், 11 பேர், 50 பேர் என்னும் எண்கள் நிருவாக வசதிக்காக வகுக்கப்பட்டவை. ஆனால் வாரத்திற்கு 19 மணி நேரம் மட்டும் வேலை தரப்படும் பணியாளருக்கு அவ்வெண்ணே காப்பீட்டின் உள்ளும் புறமுமாக அமைகிறது. மாநிலச் சீர்திருத்தம் வேலையளிப்போரை எவ்வளவு பாதித்தது என்பதை அளப்பதோடு, அக்கோட்டின் புறத்தே நிறுத்தப்பட்டோர் எத்தனை பேர் என்பதையும் அளக்கும்போதே அதன் பயன் முழுமையாக மதிப்பிடப்பெறும்.